லைசென்ஸ் கோவிந்தா

கன்னிகாவுக்குத் தொண்டை பெரிது. திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டை ஒட்டிய அந்தச் சந்தில், தன் வீட்டு வாசலில் நின்று அவள் "டேய் பவனூ" என்று ஒரு சத்தம் போட்டால், சந்து முனை டீக்கடையில் நிற்கிற வேறு இரண்டு பவன்கள் டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் புருஷன் நரசிம்மன் ஆட்டோ ஓட்டுகிறவன். ஒருமுறை ஆட்டோவில் ஹாரன் கெட்டுப்போனது. "புதுசு இன்னாத்துக்கு? உன்ன பின்னாடி குந்தவெச்சிக்கினு போனா போதாதா?" என்று அவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டான். அன்றைக்கு அவன் தட்டில் சோறு இருந்தது, குழம்பு இல்லை.

நகரிக்குப் பக்கத்தில் கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் பிறந்தவள் அவள். கல்யாணம் ஆனதும் இரண்டு பேரும் திருப்பதிக்கு வந்தார்கள். கன்னிகா ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் செல்போனுக்கு மூடி மாட்டிக்கொண்டிருந்தாள். மகன் அஷ்வின் பிறந்ததும் அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, வேலையை விட்டுவிட்டாள். விட்டதில் அவளுக்கு வருத்தம் இருந்தது. இல்லையென்று சொன்னால் அது பொய். விடிகாலையில் கம்பெனி பஸ் போகிற சத்தம் கேட்டால் அடுப்படியில் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிடுவாள்.

பக்கத்து வீட்டுக்குத் திருத்தணியிலிருந்து தேன்மொழி குடிவந்தது அந்தச் சமயத்தில்தான். அவளுக்கும் ஸ்ரீசிட்டி வேலை, அவளுக்கும் கைக்குழந்தை. "அக்கா, இன்னிக்கி ஒரு நாளு மட்டும் பிரித்திகாவ பாத்துக்கோக்கா. நாளைக்கி எங்கம்மா வந்துரும்" என்று குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். அந்த அம்மா இன்று வரைக்கும் வந்து சேரவில்லை. பிரித்திகா மட்டும் நடக்கக் கற்றுக்கொண்டு, பேசக் கற்றுக்கொண்டு, கன்னிகாவையே அதட்டுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள். தேன்மொழியைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி தன் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டாள், அப்புறம் பின்சந்துக்காரி. ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, பனியன் கடையில் நிற்கிற ஒருத்தி என்று வீடு நிறைந்துபோனது. அஷ்வின் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது கூடம் முழுக்க அடுத்தவர் பிள்ளைகள். சமையலுக்குச் சாந்திபுரத்திலிருந்து வந்த கமலம்மாவைச் சேர்த்துக்கொண்டாள். கமலம்மா பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அந்த வீட்டில் சத்தத்துக்குப் பஞ்சம் இல்லாததால் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருக்கையில்தான், பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடமெல்லாம் பதிவு செய்து லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று கவர்மெண்ட் ஆபீஸிலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். நரசிம்மனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஆட்டோ ஓட்றதுக்குத்தான் லைசென்ஸுன்னு நெனச்சிக்கினு கீறேன். புள்ளைக்கி மூக்கு சிந்தி வுடறதுக்குமா?"

"உன் வண்டியில ஏர்றவன் பெரிய மனுசன். ஆபத்துன்னா எட்டிக் குதிச்சிருவான். இதுங்க குதிக்குமா?" என்றாள் கன்னிகா.

இதில் நான் கன்னிகாவின் கட்சி. சட்டம் என்றாலே முகத்தைச் சுளிப்பது நம் ஆட்களுக்கு வழக்கமாகிவிட்டது. ஆபீஸ்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன விதிகளை அவள் சுளிக்காமல் படித்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பூட்டுப் போட்ட மூடி வேண்டும், கேட்டுக் கொக்கி பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும், பிளக் ஓட்டைகளை அடைக்க வேண்டும் என்று படித்துக்கொண்டே போனவள், பாதியில் நிறுத்தி பிரித்திகாவை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் எங்கோ ஒரு பிள்ளைக்கு ஏதோ ஆகியிருக்கும் என்று அவளுக்குப் பட்டது. அப்புறம் ஒன்றைக்கூட அவள் வீண் என்று சொல்லவில்லை.

மறுநாளே வேலை ஆரம்பமானது. தொட்டிக்கு மூடி வந்தது, கொக்கி மேலே ஏறியது, கேஸ் சிலிண்டர் சுவருக்கு வெளியே போனது. தீயணைக்கிற சிவப்பு உருளை ஒன்று வந்து சுவரில் தொங்கியது. பிள்ளைகள் அதற்குச் 'செவப்பு மாமா' என்று பெயர் வைத்தார்கள். இத்தனை பிள்ளைக்கு ஓர் ஆயா வேண்டும் என்று எழுதியிருந்த இடத்தில் நரசிம்மன் திகைத்துப்போனான். அவன் ஊர்ப் பக்கம் ஆயா என்றால் பாட்டி. "எங்க ஆயா செத்து எத்தினி வருசம் ஆச்சி. உங்க ஆயாவுக்குக் கண்ணு தெரியாது. இதுக்கு எங்க போறது?" என்று மெய்யாகவே கவலைப்பட்டான். வேலை செய்கிறவர்கள் போலீசில் நற்சான்று வாங்க வேண்டும் என்றதும் கமலம்மாவுக்கு உதறல் எடுத்தது. கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கிருந்த காவலர், "யாருக்கும்மா கல்யாணம்?" என்று கேட்டாராம்.

பார்வையிட வந்தவர் வசுந்தரா மேடம், சித்தூர்க்காரர். வாக்கியத்தைத் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பார். மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். குனிந்து குழந்தைகளின் உயரத்துக்கு உட்கார்ந்தும் பார்த்தார். கன்னிகாவுக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

"அந்தா பாகுந்தி. எல்லாம் சரியா இருக்கும்மா. இப்ப நெருப்புப் புடிச்சிருச்சின்னு வெச்சிக்கோ, பிள்ளைங்கள வெளிய கொண்டா பாக்கலாம்."

கன்னிகா இதை எதிர்பார்த்துத்தான் இருந்தாள். ஓடிப்போய்க் கதவோரம் தொங்கிய வெண்கல மணியை அடித்தாள். கணீர் என்று அடித்தாள்.

பிள்ளைகள் எழுந்தார்கள். அழகாக எழுந்தார்கள். குழாயடிக்குப் போய் வரிசையாகக் கை கழுவினார்கள், ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டு கூடத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். பிரித்திகா தட்டைத் தட்டி, "கமலம்மா, சோறு" என்று அதிகாரம் செய்தாள்.

அந்த மணி சாப்பாட்டு மணி. இத்தனை வருஷமாக அவள்தான் பழக்கிவைத்தாள். பழக்கம் நன்றாகப் படிந்திருந்தது, அதுதான் வினையாகிவிட்டது.

வசுந்தரா மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "வீடு எரியறப்ப இதுங்க சாம்பாருக்குக் காத்துக்கிட்டு இருக்குமேம்மா. மறுபடி வரேன், சொல்லாம வருவேன். அப்பவும் இதேதான்னா நான் கையெழுத்துப் போட முடியாது. மூடத்தான் சொல்லணும்."

அவர் சொன்னது நியாயம் என்று தெரிந்ததுதான் கன்னிகாவுக்கு இன்னும் வலித்தது. அவர்மேல் கோபப்படக்கூட வழியில்லை. வீட்டு ஓனர் வேறு, லைசென்ஸ் கிடைக்காவிட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார். தேன்மொழி கேள்விப்பட்டதும் சுவரில் சாய்ந்துவிட்டாள். "நீ மூடிட்டா நான் வேலைய வுட்டுட்டு திருத்தணிக்கே போவணும்க்கா. வேற எங்க வுடுவேன் இவள?" என்றாள். கம்பெனி பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டு அடுப்படியில் நிற்பது எப்படி இருக்கும் என்று கன்னிகாவுக்குத் தெரியும். அது தேன்மொழிக்கு வரவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சியில் இறங்கினாள்.

முதலில் விசில். கன்னிகா ஒரு விசில் ஊத, கூடம் முழுக்கப் பிள்ளைகள் பதிலுக்கு வாயால் ஊதினார்கள். ஒருவரும் நகரவில்லை. அடுத்து, "நெருப்பு! நெருப்பு!" என்று அவளுடைய தொண்டையிலேயே கத்திப் பார்த்தாள். அவ்வளவு பெரிய சத்தத்தோடு சொன்னால் அது பார்க்க வேண்டிய சங்கதியாகத்தான் இருக்கும் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். "எங்க எங்க?" என்று அடுப்படிக்கு ஓடினார்கள். தெலுங்கில் சொல்லலாம் என்று கமலம்மா யோசனை சொன்னாள். தெலுங்கில் நெருப்புக்கு 'மண்ட' என்றும் ஒரு சொல் உண்டு. "மண்ட! மண்ட!" என்று கன்னிகா கத்தினாள். தெலுங்குப் பிள்ளைகள் அடுப்படிக்கு ஓடினார்கள், தமிழ்ப் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இரண்டு கையாலும் தலையைத் தொட்டுக் காட்டினார்கள். மூக்கைத் தொடு, மண்டையைத் தொடு என்று விளையாடப் பழக்கியதும் அவள்தான்.

கன்னிகா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாயங்காலம் நரசிம்மன் ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது பிள்ளைகள் அம்மாக்களுக்காகக் காத்துக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். இவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கேலிக்காரன்தான், ஆனால் அவள் அழுதால் அவனுக்குத் தாங்காது. கையை விரித்தான்.

"அப்ப லைசென்ஸ் கோவிந்தாதானா?"

எல்லாம் போச்சு, அம்பேல் என்கிற அர்த்தத்தில் நாம் சொல்கிற கோவிந்தாவைத்தான் அவன் சொன்னான். ஆனால் அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் திருப்பதிப் பிள்ளைகள். போன வாரம் மொட்டை போட்டுக்கொண்டு வந்திருந்த பவன்குமார் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினான்.

"கோவிந்தா! கோவிந்தா!"

கூடம் முழுக்க எழுந்தது. ஒருவர் சட்டையை ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்கள். பவன்குமார் முன்னால் போக, வரிசை கூடத்தைத் தாண்டி, வாசற்படியைத் தாண்டி, முற்றத்துக்குப் போய் மூடியிருந்த கேட்டுக்கு முன்னால் நின்றது. யாரும் யாரையும் இடிக்கவில்லை. உள்ளே தூளிக் குழந்தையைத் தவிர ஒரு குஞ்சு குளுவான் இல்லை.

இதற்கு நியாயம் இருக்கிறது. திருப்பதியில் குடியிருப்பவர்களுக்குச் சொந்தக்காரர்கள் அதிகம். மாதம் ஒரு சித்தப்பா தரிசனத்துக்கு வந்து வீட்டில் தங்குவார், அவரோடு பிள்ளைகளும் மலைக்குப் போகும். மணிக்கணக்காகக் காத்திருக்கிற கியூவில் கதவு திறந்ததும் மொத்த ஜனமும் கோவிந்தா போடும். போட்டதும் எழுந்துவிட வேண்டும், முன்னால் இருப்பவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும், கையை விடக் கூடாது, வெளியே நடக்க வேண்டும். இடுப்பில் இருக்கிற வயதிலிருந்தே அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்டது அது.

கன்னிகா மெல்ல எழுந்தாள். "இன்னொரு தபா சொல்லு."

"இன்னாத்த?"

"கோவிந்தான்னு சொல்லுய்யா!"

அவன் சொன்னான், அவள் சொன்னாள், திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் வரிசையாக வெளியே வந்தார்கள். கன்னிகா சிரித்த சிரிப்பில் டீக்கடையிலிருந்து ஆள் வந்து என்ன விசேஷம் என்று விசாரித்துவிட்டுப் போனார். அப்போது வந்து சேர்ந்த தேன்மொழி, கேட்டுக்கு அந்தப் பக்கம் கோவிந்தா போட்டுக்கொண்டு நிற்கிற தன் மகளைப் பார்த்து, "இன்னாக்கா, பஜனையா?" என்றாள்.

மறுநாள் நரசிம்மன் ஒரு தடித்த கயிற்றை வாங்கிவந்து இடைவெளி விட்டு முடிச்சுப் போட்டான். ஆளுக்கொரு முடிச்சு. கோவிந்தா என்றால் அடுப்பை அணைத்துவிட்டுத் தூளிக் குழந்தையைத் தூக்குவது கமலம்மாவின் வேலை. கழிவறை, கட்டிலடி எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாக வந்து பேர் சொல்லிக் கூப்பிடுவது கன்னிகாவின் வேலை. ஒரு வாரத்தில் எல்லாருக்கும் பாடமாகிவிட்டது.

அப்புறம் புரட்டாசி வந்தது. அது வரும் என்பதை அவர்கள் எல்லாருமே மறந்துபோயிருந்தார்கள்.

புரட்டாசியில் ரேணிகுண்டா ரோட்டில் மஞ்சள் வேட்டியும் மஞ்சள் புடவையுமாகத் தமிழ்நாட்டு ஜனங்கள் கூட்டம் கூட்டமாக நடந்து வருவார்கள். நடக்கிறவர்கள் சும்மா நடப்பார்களா? "ஏழுமலையானே, கோவிந்தா!" என்று ஒரு கூட்டம் குரல் எழுப்ப, இங்கே தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் பாயிலிருந்து எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார்கள். அரை மணி கழித்து இன்னொரு கூட்டம், மறுபடி கயிறு. கமலம்மாவுக்கே பொறுமை போய்விட்டது. "ஒரு சாம்பாரு கொதிக்க வுட மாட்டேங்கறாங்களே சாமி" என்று முணுமுணுத்தாள்.

"இது சும்மாடா, குந்துங்கடா" என்று சொல்லிவிடலாமா என்று கன்னிகா யோசித்தாள். சொல்லக் கூடாது என்று முடிவு செய்தாள். "இது நெசமா சும்மாவான்னு யோசிக்கக் கத்துக்கினாங்கன்னா அப்பால நெசமான அன்னிக்கும் குந்திக்கினு யோசிப்பாங்க. எத்தினி தபா வந்தாலும் வெளிய வரட்டும். நாமளும் வருவோம்" என்றாள். கமலம்மா பெருமூச்சு விட்டாள், ஆனால் ஒவ்வொரு முறையும் அடுப்பை அணைத்தாள். சாம்பார் அந்த மாதம் முழுக்கத் தவணை முறையில்தான் கொதித்தது.

வசுந்தரா மேடம் சொன்னபடி சொல்லாமல்தான் வந்தார். பிள்ளைகள் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்த நேரம். அவர் கேட்டுக்கு வெளியே நின்று கொக்கியைக் கண்ணால் தேடிக்கொண்டிருந்தபோது அவருக்குப் பின்னால் சந்து முனையில் ஒரு மஞ்சள் கூட்டம் போனது. "கோவிந்தா! கோவிந்தா!"

உள்ளே பிசைந்த கைகள் நின்றன. பவன்குமார் தயிர்க் கையோடு முதல் முடிச்சைப் பிடித்தான். வரிசை வெளியே வந்தது. கமலம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தூளிக் குழந்தையோடு வந்தாள். கன்னிகா கட்டிலடியில் குனிந்து பார்த்துவிட்டுக் கடைசியாக வந்து, முற்றத்தில் நின்று, சந்து அதிரப் பேர் கூப்பிட்டாள். ஒவ்வொரு பேருக்கும் ஒரு "கோவிந்தா" பதிலாக வந்தது. கடைசிப் பேரை முடித்துவிட்டு நிமிர்ந்தவள், கேட்டுக் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் இருந்த முகத்தைப் பார்த்தாள்.

 சாப்பிடுகிற நேரத்தில் ஒரு பிள்ளைகூடத் தட்டுக்கு முன்னால் இல்லை. எல்லாருடைய கையும் கயிறும் ஒரே தயிர். ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தாள்.

"மேடம், மன்னிச்சிக்குங்க மேடம், இது வந்து, துன்னுக்கினு இருந்தாங்க, ரோட்டுல சாமிக்கிப் போறவங்க சத்தம் போட்டாங்களா..."

அவர் நேராக உள்ளே போனார். கூடம் காலி. கழிவறை காலி. அடுப்பைக் குனிந்து பார்த்தார், அணைந்திருந்தது. வெளியே வந்தார், கயிற்றின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் பார்த்துக்கொண்டே நடந்தார். பிரித்திகா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ முடிச்சப் புடிக்கலியே" என்று கண்டித்தாள்.

வசுந்தரா மேடம் குனிந்து கயிற்றின் கடைசி முடிச்சைப் பிடித்துக்கொண்டார். தயிர் அவர் கையிலும் ஒட்டியது.

"எவரு செப்பினாரு உனக்கு இது? யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் இல்ல மேடம். அதுங்களுக்கே தெரிஞ்சிருக்குது. எனக்குத்தான் தெரியல."

"சரே. வெளிய வந்தாச்சு. உள்ள எப்படிப் போவாங்க?"

கன்னிகா ஒரு நொடி அவரைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் வெண்கல மணியை அடித்தாள்.

பிள்ளைகள் கயிற்றைப் போட்டுவிட்டுக் குழாயடிக்கு ஓடினார்கள். கை கழுவினார்கள். தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். முற்றத்தில் முடிச்சைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்ற வசுந்தரா மேடம் சிரிக்க ஆரம்பித்தார். அன்றைக்கு அடக்கிவைத்த சிரிப்பும் சேர்ந்துகொண்டது போலிருக்கிறது, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்படி ஆயிற்று. போகும்போது, "கொக்கி மட்டும் எனக்கே எட்டலேம்மா" என்றார். "அப்படியே இருக்கட்டும்."

லைசென்ஸ் தயார் என்று போன் வந்த அன்று அதை வாங்கிவர நரசிம்மன் ஆட்டோவில் போனான். போனவன் நேரத்துக்குத் திரும்பவில்லை, போனையும் எடுக்கவில்லை. அம்மாக்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வரத் தொடங்கிவிட்டார்கள். தேன்மொழி மகளைத் தூக்காமல், கேட்டைப் பிடித்துக்கொண்டு சந்து முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னிகா கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தாள்.

ஆட்டோ வந்து நின்றது. நரசிம்மன் இறங்கினான், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினான்.

"லைசென்ஸ்... கோவிந்தா!"

கன்னிகா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். எந்தக் கோவிந்தா? போனதா, வந்ததா? அவள் வாயைத் திறப்பதற்குள் கூடத்திலிருந்து பதில் கோவிந்தா கிளம்பியது, பவன்குமார் முடிச்சைப் பிடித்தான், அடுப்படியில் கமலம்மா அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. வரிசை அவளைத் தாண்டி முற்றத்துக்குப் போனபோதுதான் தூக்கிய கைகளில் ஒன்றில் காகிதம் இருப்பதையும், அவன் முகம் முழுக்கப் பல்லாக இருப்பதையும் அவள் பார்த்தாள்.

"பாவி மனுசா!" என்று அவள் கத்தியது ரேணிகுண்டா வரைக்கும் கேட்டிருக்கும். கத்திக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே தேன்மொழியைக் கட்டிக்கொண்டாள். தேன்மொழி, "அக்கா, காலையில பஸ்ஸுக்குப் போலாமாக்கா?" என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டாள். "போடி, நல்லா போ" என்றாள் கன்னிகா. அவள் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமாக எதையும் சொன்னதில்லை.

பிள்ளைகள் கயிற்றைப் பிடித்தபடி முற்றத்திலேயே நின்றார்கள். அம்மாக்கள் கூப்பிட்டும் அசையவில்லை. வேறு வழியில்லாமல் கன்னிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் மணியை அடித்தாள். ஓடிப்போய்க் கை கழுவிக்கொண்டு தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். தூக்கிக்கொண்டு போக வந்த அம்மாக்களும் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

மணி அடித்துவிட்டு வெறும் தட்டைக் காட்ட முடியாது. கமலம்மா அடுப்பைத் திரும்பப் பற்றவைத்து, கேசரிக்கு ரவையை வறுக்கத் தொடங்கினாள்.